கான் ஓரத்துப் பத்தொன்பது முட்டைகள்

எனக்குக் குளிர் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மலை மேல் ஆய்வு நிலையத்தில் இரண்டு பனிக்காலம் இருந்தவள் என்று தெரிந்ததும், நான் ஏதோ பனியிலேயே பிறந்து வளர்ந்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பதுளை டவுனில், வாப்பாவின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் டிசம்பரிலும் ஃபேன் சுற்றும். மடுல்சீமைக்கு மேலே போன முதல் வாரம் இரண்டு ஸ்வெட்டர், மூன்று சோடி காலுறை, அதற்கு மேல் ஒரு கம்பளி என்று போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியும் விரல் மடங்காமல் பேனா பிடிக்க முடியவில்லை.

நிலையம் என்ற சொல் அந்த இடத்துக்குக் கொஞ்சம் பெரிது. தோட்டம் கைவிட்ட ஒரு பழைய பங்களா, அவ்வளவுதான். இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை. பின்பக்கம் பராமரிப்பில்லாமல் காடாகிப்போன தேயிலை, அதற்கு மேல் உண்மையான காடு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். நாங்கள் மேடம் என்று கூப்பிடும் என் பேராசிரியை, அந்தக் காட்டு விளிம்பில் வாழும் ஒரு சின்னப் புதர்த் தவளையைப் பற்றி ஆராயச் சொல்லி என்னை அங்கே அனுப்பியிருந்தார்.

"மகள், தவளை பாக்கத்தானா இவ்வளவு படிச்ச?" என்று வாப்பா போனில் கேட்டார். "கடைக்குப் பின்னால கானுல எவ்வளவு வேணும்?"

இது சாக்கடைக் கானில் கிடக்கிற தவளை இல்லை என்று அவருக்கு எத்தனையோ தடவை விளங்கப்படுத்தினேன். இது தண்ணீரில் முட்டையிடாது. ஈர மண்ணில் சின்னக் குழி பறித்து, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். வாலோடு நீந்தும் வாற்பேத்தை என்ற பருவமே இதற்குக் கிடையாது. முட்டைக்குள்ளேயே கையும் காலும் முளைத்து, வெளியே வரும்போது முழுத் தவளையாகவே வரும், அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக. வாப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, சாப்பிட்டியா?" என்பார்.

எனக்குத் துணை, நிலையத்துக்குச் சமையல் வேலைக்கு வரும் அக்காதான். கீழே தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து விடியக்காலையில் ஏறி வந்து, சமைத்து, பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து, சாயங்காலம் இறங்கிப் போவார். என்னை விட ஆறேழு வயது மூத்தவர். நிலையத்துக்கு வருவதற்கு முன் பத்து வருடம் தவறணையில், அதாவது தோட்டத்துக்குத் தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்தில், வேலை செய்தவர். வாய் ஓயாது. என்னைக் கேலி செய்வதற்கென்றே மலை ஏறி வருகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

"என்னாங்க மிஸ், மூட்டைய இன்னும் அவுக்கலையா?" என்பார், கம்பளிக்குள் என்னைப் பார்த்தால். "இதுக்கேவா? தைப் பனி தரையத் தொளைக்கும், மாசிப் பனி மச்சையே தொளைக்கும். இன்னும் மாசி வரல."

சொல்லிவிட்டு இஞ்சி தட்டிப் போட்ட சாயத் தண்ணியை, அதாவது பால் விடாத தேநீரை, கையில் தருவார். அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிற ஐந்து நிமிடத்துக்காக நான் அவர் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். இரவுக் காவலுக்கு ஒரு பெரியவர் வந்து முன் விறாந்தையில் படுத்துவிட்டு, விடியுமுன் போய்விடுவார். மற்றபடி நாங்கள் இருவரும் மிருகங்களும்தான்.

குரங்குகள் குளிக்கிற சவர்க்காரத்தைத் தூக்கும். அதில் ஒரு கிழட்டுக் குரங்கு, சவர்க்காரத்தைக் கடித்து, முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டு, மறுநாளும் வந்து அதையே கடிக்கும். அதன் விடாமுயற்சி மேல் எனக்குத் தனிப் பாசம். மரை மான் ஒன்று அக்கா நட்ட முட்டைக்கோவாவை வரிசை தப்பாமல் தின்றுவிட்டுப் போகும். வடக்கே எங்கிருந்தோ அக்டோபரில் வந்து சேர்ந்த ஒரு சாம்பல் வாலாட்டிக் குருவி, எங்கள் முற்றத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, வாலை ஆட்டி ஆட்டி எங்களை விரட்டப் பார்க்கும். ஒரு நாள் பீலியடிச் சேற்றில் சிறுத்தையின் காலடி கிடந்தது. அக்கா குந்தி உட்கார்ந்து அதன் மேல் தன் கையை வைத்து அளந்து பார்த்தார். "நம்ம கைய விடச் சின்னதுதான்" என்றார். அப்படிச் சொன்னாலும் அடுத்த ஒரு வாரம் இரண்டு பேரும் சேர்ந்தேதான் தண்ணீருக்குப் போனோம்.

ஜனவரித் தொடக்கத்தில், மழை விட்ட ஒரு பொழுது சாயும் நேரத்தில், எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பழைய தேயிலைக்கு நடுவே மழைநீர் ஓட வெட்டிய கான் ஒன்று உண்டு. அதன் ஓரத்துப் பாசிக்கடியில் ஒரு பெண் தவளை மண்ணைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டிருப்பதைக் கண்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் குனிந்திருந்தேன். அது முட்டையிட்டு, மண்ணால் மூடி, திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் போனது. பாசியை மெல்லத் தூக்கி எண்ணினேன். பத்தொன்பது. ஒரு பருவம் முழுக்கத் தேடியும் இப்படிக் கண்ணெதிரே இட்ட முட்டை கிடைக்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். என் ஆய்வே இனி இந்தப் பத்தொன்பதை நம்பித்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் அக்காவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். கண்ணாடி மணி மாதிரி கிடந்த முட்டைகளை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"தாய் எங்கங்க மிஸ்?"

"போயிருச்சு. இனி வராது."

"அப்ப யாரு பாத்துக்கிறது?"

"யாரும் இல்ல. நாம தொடவும் கூடாது, ஒண்ணும் செய்யவும் கூடாது. பாசியத் தூக்கிப் பாத்து எழுதணும், அவ்வளவுதான்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

பொங்கலுக்கு முதல் நாளோடு மழை நின்றது. அக்கா வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கொண்டுவந்த பொங்கலைத் தின்றுகொண்டே நான் மழைமானியைப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அடுத்த நாளும் இல்லை. காலையில் பனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்ற வெயில், சாயங்காலம் உதட்டை வெடிக்க வைக்கிற காற்று. கானைச் சுற்றியிருந்த மண் வெளிறிப் பொடியாகத் தொடங்கியது. என் முட்டைகள் காய்ந்துவிடும் என்று பயந்தேன். ஆனால் பாசியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே மண் ஈரமாகவே இருந்தது. பத்து நாள் மழை இல்லை, ஆனாலும் விரலை வைத்தால் ஈரம் ஒட்டியது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தாய்த் தவளை ஒளிந்து ஒளிந்து வந்து முட்டைகளை நனைத்துவிட்டுப் போகிறது! வேறு சில நாட்டுத் தவளைகள் அப்படிச் செய்வதாகப் படித்திருக்கிறேன். இந்தத் தவளையில் யாரும் கண்டதில்லை. இரவோடு இரவாக மேடத்துக்கு நீளமாக ஒரு ஈமெயில் எழுதினேன், சிக்னல் கிடைக்கும் ஒரே பாறை மேல் ஏறி நின்று அனுப்பினேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். சாதாரணமாக அவர் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. அன்று இருந்தது.

"உன் கண்ணால் பார்த்தாயா?"

"இல்ல மேடம். மண்ண வச்சுச் சொல்றேன்."

"பார்த்துவிட்டுச் சொல். மாதக் கடைசியில் நானே வருகிறேன்."

ஆக, பார்க்க வேண்டும். விடிவதற்கு முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச்சுடன் கான் ஓரத்தில் போய்க் குந்தினேன். இரண்டு காலை. பல் கிட்டிப்போனதுதான் மிச்சம், தாய் வரவில்லை. அந்த இரண்டு நாளும் மண்ணில் ஈரமும் குறைந்தது. தாய்க்கு என்னைக் கண்டு கூச்சம் என்று பதிவேட்டில் எழுதினேன். இன்றைக்கு அந்தப் பக்கத்தை நினைத்தாலும் காது சூடாகிறது.

மூன்றாம் காலை, சற்றுத் தள்ளி ஒரு சவுக்கு மரத்துக்குப் பின்னால் முழுக்க மறைந்து உட்கார்ந்தேன். வெளிச்சம் வர ஆரம்பித்த நேரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. தவளைக்கு அவ்வளவு சத்தம் வராது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அக்கா குறுக்குப் பாதையில் ஏறி வந்தார். சுற்றிலும் பார்த்தார். கானுக்குள் இறங்கி, பையிலிருந்து ஒரு டின்பால் டின்னை எடுத்தார். அதன் அடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. போத்தல் தண்ணீரை அதில் ஊற்றி, பாசி மேல் பூத்தூறல் மாதிரி ஆட்டி ஆட்டித் தெளித்தார். அதோடு விடாமல் நாலு பெரணி இலையை ஒடித்து, வெயில் வரும் பக்கம் மண்ணில் குத்தி நிழல் கட்டினார். தவறணையில் இளங்கன்றுக்கு எப்படிச் செய்வார்களோ, அப்படியே.

எனக்குப் பொறுமை கிடையாது என்று உம்மா எப்போதும் சொல்வார். அன்று அது உண்மை என்று அந்த மலைக்கே தெரிந்தது. "என்ன செய்றீங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் அக்காவின் கையிலிருந்து டின் விழுந்தது.

"ஐயோ, மிஸ்ஸா? ரெண்டு நாளா இங்கன குந்தியிருந்தது நீங்கதானே? காட்டுப் பக்கம் ஒதுங்க வந்திருக்கீங்கன்னு நெனச்சு நான் சுத்திப் போனேன்."

வேறு எப்போதாக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். படிப்பையே நாசமாக்கிவிட்டீர்கள் என்றேன். மேடத்திடம் என்ன சொல்வேன் என்றேன். உங்களை யார் கேட்டது என்றேன்.

"தண்ணிதானே ஊத்துனேன் மிஸ்" என்றார் அக்கா, மெதுவாக. "வெசமா ஊத்துனேன்?"

பாசியைத் தூக்கிக் காட்டினேன். மூன்று முட்டை வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. ஈரம் கூடிப்போனதால் வந்த அழுகல். அக்கா அதைப் பார்த்த பார்வையில், இனி நான் திட்டத் தேவையில்லை என்று தெரிந்தது. ஆனாலும் இன்னும் இரண்டு வார்த்தை திட்டினேன்.

அதன் பிறகு அவர் வந்தார், சமைத்தார், போனார். கேலி இல்லை. சாயத் தண்ணியில் இஞ்சி இல்லை. நான் பாறை மேல் ஏறி, தாய்த் தவளை என்று ஒன்று வரவில்லை, தண்ணீர் ஊற்றியது எங்கள் அக்கா என்று மேடத்துக்கு எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு சுருக்கமாக நான் எதையும் எழுதியதில்லை. பதிலும் சுருக்கம்தான். தண்ணீரை நிறுத்து, இனி நடப்பதை மட்டும் குறித்து வை, ஈரம் இல்லாமல் எத்தனை நாள் தாங்குகிறது என்று தெரிந்தால் அதுவும் ஒரு தகவல்.

சரியான பதில்தான். நானே மேடமாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் நிறுத்தினேன்.

நான்கு நாள் குறித்து வைத்தேன். முதல் நாள் முட்டைகளின் தோல் மங்கியது. இரண்டாம் நாள் ஒன்று சுருங்கியது. அதற்குள் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும் பருவம் வந்துவிட்டது. கறுப்பாக இரண்டு கண், நூல் மாதிரி கால். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கால் உதறுவது தெரியும். நான்காம் நாள் காலை நான்கு முட்டை உலர்ந்து மண்ணோடு ஒட்டிப்போயிருந்தன. மீதிப் பன்னிரண்டில் ஒன்று, லென்ஸுக்கடியில், என்னைப் பார்த்தபடியே ஒரு தடவை உதைத்தது. என்னைப் பார்த்ததா இல்லையா என்பது விஞ்ஞானப்படி வேறு கதை. எனக்கு அப்படித்தான் இருந்தது.

நான் எழுந்து நேராகக் குசினிக்குப் போனேன். அக்கா மா பிசைந்துகொண்டிருந்தார்.

"அந்த டின் எங்க?"

"எதுக்குங்க மிஸ்?"

"எவ்வளவு ஊத்தணும்னு சொல்லுங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். நான் அழப்போகிறேனா என்று பார்த்திருப்பார். கையைக் கழுவிக்கொண்டே வெளியே வந்தார்.

"நானும் சரியாச் செய்யலங்க மிஸ். தவறணையிலயும் இப்பிடித்தான். ஆசையில ஒரு டின் கூட ஊத்திருவோம், வேரு அழுகிப் போயிரும். அர டின் போதும். அதுவும் மண்ணத் தொட்டுப் பாத்துட்டு."

அன்றிலிருந்து தினமும் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். அக்கா மண்ணைத் தொட்டுப் பார்ப்பார், நான் தெளிப்பேன். பெரணி நிழலை வெயிலுக்குத் தக்கபடி நகர்த்தி வைப்போம். பதிவேட்டில் ஒன்றையும் மறைக்கவில்லை. தண்ணீர் அரை டின், ஊற்றியது நான் என்று ஒவ்வொரு நாளும் எழுதினேன். பேனாவை எடுக்கும்போதெல்லாம் மேடத்தின் முகம் வந்து போகும். இஞ்சிச் சாயமும் திரும்பி வந்தது, கேலியும் வந்தது. "மிஸ்ஸுக்குத் தவறணையில வேல போட்டுக் குடுக்கலாம், ஆனா குளுருக்குப் பத்து மணிக்குத்தான் வருவாங்க" என்று லயத்துப் பீலியடிக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

மேடத்துக்குப் பரீட்சை வேலை வந்து, அவர் பயணம் தள்ளிப்போனது. பெப்ரவரி நடுவில், மாசிப் பனி உண்மையிலேயே கூரையைத் துளைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அக்காவுக்கு முந்தி நானே போய்ப் பாசியைத் தூக்கியபோது ஒரு முட்டை கிழிந்திருந்தது. பக்கத்தில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. என் சுண்டுவிரல் நகத்தில் இரண்டு வைக்கலாம், அவ்வளவு சின்னது. தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. நான் "அக்கா!" என்று கத்தியதில் அவர் ரொட்டிக் கரண்டியோடு ஓடி வந்தார். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டும் வந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பாசிக்குள் குதித்துக் காணாமல் போயின. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடியும் சிரித்தார். நானும் அதையேதான் செய்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த மலையில் வேறெந்த நாளும் இருந்ததில்லை.

அடுத்த கிழமை மேடம் வந்தார். விறாந்தையில் உட்கார்ந்து பதிவேட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அரை டின், அரை டின், அரை டின் என்று வரும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய். அது நல்லது" என்றார். "ஆனால் இது ஆய்வு இல்லை. இது வளர்ப்பு."

சிவப்புப் பேனாவை எடுத்து, பத்தொன்பது முட்டைகளின் பக்கங்கள் முழுவதையும், தாள் தாளாகக் குறுக்கே கோடு போட்டு வெட்டினார். அடுத்த மழைக்குப் புதிதாகத் தேடு என்றார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை. அடுத்த மழைக்குத் தேடினேன், கிடைத்தது, தொடாமல் இருந்தேன், படிப்பை முடித்தேன். அந்த ஆய்வேட்டில் எங்கே தேடினாலும் இந்தப் பன்னிரண்டும் இருக்காது.

ஆனால் அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. மேடத்தின் ஜீப் வளைவில் மறைந்ததும் குசினிப் படியில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அக்கா தோசைக்கல்லில் ரொட்டி போட்டபடி கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"வெட்டிட்டாங்க. எல்லாத்தையும். அதுங்க பொறந்ததே இல்லன்ற மாதிரி."

"பேர் வெட்டிட்டாங்களா?"

தோட்டத்தில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால், செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேட்டில் அவர் பெயரை வெட்டுவார்கள். அக்கா எல்லாவற்றையும் அந்தக் கணக்கில்தான் புரிந்துகொள்வார். ஆமாம், அப்படித்தான் என்றேன்.

அவர் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டார்.

"எங்கப்பாவயும் ஒருக்கா வெட்டுனாங்க. கணக்கப்புள்ளைய எதுத்துப் பேசிட்டாருன்னு. மூணு மாசம் செக்ரோல்ல எங்கப்பா இல்ல. அப்ப நான் சின்னப் புள்ள. மத்த நாள்ல அவரு இருட்டோட போவாரு, இருட்டோட வருவாரு, மொகத்த எங்க பாத்தேன்? அந்த மூணு மாசந்தான் மிஸ் எங்கப்பா பகல்ல வீட்டுல இருந்தாரு."

சொல்லிவிட்டு, ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.